கடலில் விளையாடும் பேருயிர்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை, மாளிகாவத்தையிலிருந்து பின்னிரவிலேயே புறப்பட்டு மிரிஸ்ஸ துறைமுகத்தில் படகேறும் குடும்பங்கள் பல. (சிறுவர்க்குக் குமட்டும்; மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.)

ஏறத்தாழ 25 மீற்றர் நீளமுள்ள நீலத் திமிங்கிலம் மூச்செறிய எழும்போது, “இன்னும் கிட்டப் போவோம்” என்று சின்னவன் அடம்பிடிப்பான். படகோட்டியும் இணங்கக்கூடும். அவ்வேளையில் நீங்கள் வாய்திறக்க வேண்டும். 100 மீற்றருக்குள் படகு நெருங்கலாகாது என்பது சட்டம். துரத்தினால் அது இரைதேடலைக் கைவிட்டு மூழ்கிவிடும். தெய்வேந்திரமுனைக்கு அப்பால் கப்பல்கள் மோதி மாண்டவையும் உண்டு. 2022இல் ஒரு பெருங்கப்பல் நிறுவனம் தன் கலங்களின் பாதையைத் தெற்கே விலக்கியது அதனாலேயே.

கடலில் விளையாடவே இப்பேருயிர் உருவாக்கப்பட்டதாகத் திருப்பாடல் 104 காண்கிறது. நமக்குக் காட்சி தருவதற்கென்று அன்று. ஆகவே துரத்த வேண்டாமெனப் படகோட்டியிடம் சொல்லிவிட்டு, பிள்ளைகளோடு காத்திருங்கள். பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடங்களில் அது மீண்டும் மூச்செறிய எழும்.