ஊசியால் எழுதிய மன்றாட்டு



எழுதக் கற்றுக்கொடுக்கப்படாத ஒரு பெண், தன் மனப்பாரத்தை எங்கே எழுதுவாள்? துணியில் எழுதுவாள்.

ஐரோப்பாவில் முற்காலத்தில் சிறுமிகளுக்குத் தையல் பழக்கிய முறை ஒன்று உண்டு. ஒரு துண்டுத் துணியில் எழுத்துகளையும் எண்களையும் குறுக்குத் தையலில் தைக்க வேண்டும். பிறகு பூ, கொடி, வீடு, சிறு செபம். முடிவில் தன் பெயர், வயது, ஆண்டு. இதற்கு 'சாம்ப்ளர்', அதாவது மாதிரித் துணி என்று பெயர். வீட்டுத் துணிமணிகளில் அடையாள எழுத்து தைக்கத் தெரிந்த ஏழைப் பெண்ணுக்கு அது பிழைப்புக்கும் வழியானது. ஆண்டு பொறித்த ஆங்கிலேய மாதிரித் துணிகளில் மிகப் பழையது, 1598-இல் ஜேன் பாஸ்டாக் தைத்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அது உள்ளது.

அதே அருங்காட்சியகத்தில் இன்னொரு துணியும் இருக்கிறது. 1813-இல் பிறந்த எலிசபெத் பார்க்கர் என்னும் கூலித் தொழிலாளியின் மகள், 1830-ஐ ஒட்டி அதைத் தைத்தார். அதில் பூவும் இல்லை, கொடியும் இல்லை. வரிவரியாகச் சிவப்பு நூலில் எழுத்துகள் மட்டுமே. சிறு வயதிலேயே வீட்டு வேலைக்குப் போனது, எசமானரிடம் பட்ட கொடுமை, உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றிய எண்ணம், எல்லாவற்றையும் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்வதுபோல் தைத்திருக்கிறார். தன் ஆன்மா என்னவாகுமோ என்ற கேள்வியோடு தையல் நின்றுவிடுகிறது.

ஆனால் அவர் வாழ்வு அங்கே நின்றுவிடவில்லை. தம் ஊரிலேயே பள்ளி ஆசிரியையாகி, முதுமைவரை வாழ்ந்து, 1889-இல் இறந்தார்.

நம் மாவட்டத்திலும் ஊசியும் நூலும் பெண்களுக்கு வழி திறந்திருக்கின்றன. 1819-இல் நாகர்கோவில் வந்த சீர்திருத்த சபையைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார், ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்பே லேஸ் பின்னிய கூலியால் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் உண்டு. 1897-இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த அன்னை மரி லூயிஸ் தெ மீஸ்டர், அநாதைச் சிறுமிகளை அரவணைத்தார். அவர் தொடங்கிய சபையின் கன்னியர் வழியாகவே முளகுமூட்டு லேசும் பூத்தையலும் பெயர் பெற்றன. பீடத் துணியிலும், குருக்களின் வெள்ளங்கியிலும், புதுநன்மைப் பிள்ளைகளின் உடையிலும் இத்தகைய கைகளின் உழைப்பைக் கண்டிருக்கிறோம். அந்தத் துணிகளில் பின்னியவர் பெயர் இல்லை.

திருத்தூதர் பணிகள் ஒன்பதாம் அதிகாரத்தில் தபித்தா இறந்தபோது, கைம்பெண்கள் பேதுருவிடம் என்ன செய்தார்கள்? தபித்தாவைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருக்கவில்லை. அவர் தங்களுக்குச் செய்துகொடுத்த உடைகளை அழுதுகொண்டே காட்டினார்கள். அந்த உடைகளே சாட்சியாயின. பேதுரு முழந்தாளிட்டு மன்றாடினார். தபித்தா உயிர்பெற்று எழுந்தார்.

அன்புக்குரியவர்களே, இன்று நம் பெண்பிள்ளைகளுக்கு எழுதத் தெரியும். பட்டமும் பெறுகிறார்கள். ஆனாலும் வீட்டில் சொல்ல முடியாத துன்பத்தை நெஞ்சுக்குள் தைத்துவைத்திருக்கும் பிள்ளைகள் நம் தெருவிலும் இருக்கலாம். வேலைக்குப் போன இடத்தில், கட்டிக்கொடுத்த வீட்டில், படிக்கும் விடுதியில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். அவள் பேசத் தொடங்கினால், "குடும்ப மானம் போய்விடும்" என்று வாயை அடைக்காதீர்கள். முழுவதையும் கேளுங்கள். தனியாகத் தாங்க முடியாததைக் கேட்க ஒருவர் இருந்தால், பாதியில் நின்ற தையல் தொடரும்.

தாயின் கருவிலேயே எங்களை உருவாக்கிய இறைவா, பெயர் தெரியாமல் உழைத்த பெண்களுக்கு நிறைவான இளைப்பாற்றி தாரும். அழுகிற பிள்ளைகளின் குரலைக் கேட்கும் செவியை எங்களுக்குத் தாரும். ஆமென்.