சமாந்தரக் கோடுகளும் சேர்மானங்களும்

உருவங்களை எண்ணும் கேத்திரகணித வினாக்கள் எளியனவாகவே தோன்றும். ஆயினும் கண்ணை மட்டும் நம்பி எண்ணுவோர் அவற்றில் இடறுவது வழக்கம். ஒரு திசையில் 4 சமாந்தரக் கோடுகளும், அவற்றை இடைவெட்டுமாறு வேறொரு திசையில் 5 சமாந்தரக் கோடுகளும் வரையப்பட்டுள்ளன எனக் கொள்வோம். இவற்றால் ஆகும் இணைகரங்கள் எத்தனை? முதலிற் கண்ணிற் படுவன 12 சிறு கட்டங்களே. கட்டங்கள் பல இணைந்து ஆக்கும் பெரிய இணைகரங்களையும் எண்ணப் புகுந்தால் சில விடுபடும். சில இருமுறை எண்ணப்படும்.

உருவங்களை விடுத்து, அவற்றை ஆக்கும் கோடுகளை நோக்குவோம். எந்த இணைகரத்தின் பக்கங்களும் முதற்றிசையின் இரு கோடுகளிலும் மற்றைத் திசையின் இரு கோடுகளிலுமே அமைகின்றன. மறுதலையாக, ஒவ்வொரு திசையிலும் எவ்விரு கோடுகளைத் தெரிந்தெடுப்பினும், அந்நான்கும் ஓர் இணைகரத்தை, ஒன்றை மட்டுமே, அடைக்கின்றன. எனவே இணைகரங்களை எண்ணுதலும் கோடுகளைத் தெரிதலும் ஒன்றேயாகும்.

5 கோடுகளுள் முதற் கோட்டை 5 வழிகளிலும் இரண்டாவதை 4 வழிகளிலும் தெரியலாம். எதை முன்னர்த் தெரிந்தோம் என்பது பொருட்டன்று. ஆதலின் 20 ஐ 2 ஆல் வகுக்க, 10 சேர்மானங்கள் கிடைக்கும். அவ்வாறே 4 கோடுகளுக்கு 6 சேர்மானங்கள். ஒரு திசைத் தெரிவு மற்றைத் திசைத் தெரிவைக் கட்டுப்படுத்தாமையால் இரண்டையும் பெருக்குகிறோம்: இணைகரங்கள் 60. பொதுவாக, ம கோடுகளும் ந கோடுகளும் இருப்பின் விடை ம(ம−1)/2 × ந(ந−1)/2 ஆகும். சேர்மானங்களைக் கணிக்கும் பொதுவிதியை 9ஆம் நூற்றாண்டிலேயே சமணக் கணிதரான மகாவீரர் தமது கணித சார சங்கிரகத்திற் கூறியுள்ளார்.

சதுரங்கப் பலகையில் இரு திசைகளிலும் 9 கோடுகள் உள்ளன. எனவே அதிலுள்ள செவ்வகங்கள் 36 × 36, அதாவது 1296. ஆனால் சதுரங்கள் 204 மட்டுமே. சதுரத்திற்கு இரு திசைகளிலும் தெரிந்த கோடுகளின் இடைவெளிகள் சமமாதல் வேண்டும். எல்லாத் தெரிவுகளும் சதுரம் தருவதில்லை. ஆகவே பக்கநீளத்தின்படி 64 + 49 + 36 + 25 + 16 + 9 + 4 + 1 எனக் கூட்டவேண்டியுள்ளது.

மூன்றாந் திசையொன்றைச் சேர்த்தால் எச்சரிக்கை இன்னும் தேவைப்படுகிறது. மூன்று திசைகளிலும் மும்மூன்று கோடுகள் இருப்பின், திசைக்கு ஒன்றாகத் தெரிந்து 27 முக்கோணிகளைப் பெறலாம். ஆயின் தெரிந்த மூன்று கோடுகளும் ஒரே புள்ளியிற் சந்திக்குமாயின் முக்கோணி தோன்றாது. அத்தகைய தெரிவுகளைக் கழித்தல் வேண்டும். ஒரு திசையில் இரண்டும் மற்றைத் திசைகளில் ஒவ்வொன்றும் தெரிந்து சரிவகங்களை எண்ண முற்படின் நிலைமை மேலும் சிக்கலாகும். அவ்விரு குறுக்குக் கோடுகளும் சமாந்தரக் கோடுகளுக்கு வெளியே சந்தித்தால் ஒரு சரிவகம் கிடைக்கும். அவற்றின் மீது சந்தித்தால் ஒரு முக்கோணியே எஞ்சும். இடையே சந்தித்தால் உச்சியைப் பொதுவாகக் கொண்ட இரு முக்கோணிகள் தோன்றும். இங்கு தெரிவுகளின் தொகை மாறுவதில்லை; உருவங்களின் தொகையோ கோடுகளின் நிலையைப் பொறுத்து மாறுகிறது.

க.பொ.த. உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் பயிலும் மாணவர் சேர்மானச் சூத்திரத்தை விரைவில் மனனஞ் செய்துகொள்கின்றனர். அச்சூத்திரம் எண்ணுவது தெரிவுகளையே, உருவங்களையன்று. ஒவ்வோர் உருவத்திற்கும் ஒரே தெரிவு, ஒவ்வொரு தெரிவிற்கும் ஒரே உருவம் என்பதை முதலில் நிறுவிய பின்னரே அதைப் பயன்படுத்தலாம். 60 என்ற விடையை மட்டும் அறிந்த மாணவன் மூன்றாந் திசைக் கோடு வரையப்பட்டவுடன் திகைத்து நிற்பான்; அவ்விடை ஏன் பொருந்திற்று என அறிந்தவனோ, எங்கே அது பொருந்தாது என்பதையும் தானே கண்டுகொள்வான். வகுப்பறையிற் சூத்திரத்திற்கு முன்னர் இவ்விளக்கத்திற்கு இடமளித்தல் வேண்டும் என்பதே எமது கருத்து.