சிவப்புக் கோட்டுக்குள் அகப்பட்ட வீடுகள்



சொந்த வீடு என்றால் கூரையும் சுவரும் மட்டுமல்ல. உறுதிப்பத்திரம் நம்ம கையில் இருந்தால்தான் அதைக் காட்டிக் கடன் எடுக்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். இந்த வழியை ஒரு சமூகத்துக்கே அடைத்துவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் நடந்ததைப் பார்ப்போம்.

1930களில் அங்கே கடும் பொருளாதார நெருக்கடி. வீட்டுக் கடன் கட்ட முடியாமல் தவித்தவர்களுக்கு உதவ, 1933இல் அரசாங்கம் ஒரு கூட்டுத்தாபனத்தை ஆரம்பித்தது. அது 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது. பச்சை என்றால் மிக நல்ல இடம். அடுத்தது நீலம், பிறகு மஞ்சள். சிவப்பு என்றால் கடன் குடுத்தால் ஆபத்து. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்புக்குள் போயின. இதைத்தான் 'ரெட்லைனிங்' என்கிறார்கள்.

1934இல் வந்த இன்னொரு அரசாங்க நிறுவனம், வீட்டுக் கடன்களுக்கு வங்கிகளிடம் பொறுப்பு நின்றது. அதுவும் கறுப்பினப் பகுதிகளை ஒதுக்கியது. டெட்ரோயிட் நகரில் வெள்ளையருக்கு வீடு கட்ட வந்த ஒருவர், பக்கத்தில் கறுப்பினத்தவர் இருந்ததால், 1941இல் அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பிய பிறகே அந்த உத்தரவாதத்தைப் பெற்றார். அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது.

வங்கி கைவிட்டவர்கள் சிக்காகோவில் ஒப்பந்த முறையில் கூடுதல் விலைக்கு வீடு வாங்கினார்கள். கடைசிச் சதம் கட்டும்வரை உறுதி விற்றவர் கையில்தான். ஒரு தவணை தவறினாலும் வீடும் போகலாம், கட்டின காசும் போகலாம். 1968இல் அங்குள்ள குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்து தவணையை நிறுத்திப் போராடின. பலருடைய ஒப்பந்தங்கள் திருத்தப்பட்டன.

அதே 1968இல் வீட்டு விஷயத்தில் பாகுபாடு காட்டுவது சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஆனாலும் இழந்த தலைமுறைகளின் சொத்து திரும்பவில்லை. இன்றும் வெள்ளையரில் 100க்கு 70க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குச் சொந்த வீடு உண்டு; கறுப்பினத்தவரில் சுமார் 45தான். பழைய சிவப்புப் பகுதிகள் சிலவற்றில் இப்போது புதுக் கட்டடங்கள் எழும்பி வாடகை ஏற, அங்கேயே இருந்தவர்களுக்குக் கட்டுப்படியாகிற வீடு கிடைப்பதில்லை.

பல தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தும் உறுதி கிடைக்காத நம்ம குடும்பங்களுக்கு இந்த வலி புரியும். ஆகவே வீட்டுக்கோ கடனுக்கோ கையெழுத்து வைக்கும் முன் கேளுங்கள்: உறுதி யார் பெயரில்? எப்போது கைக்கு வரும்? தவணை தவறினால் என்ன நடக்கும்? பதிலை எழுத்தில் வாங்கி, வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் குடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.