பென்ஷன் வருகிறது, வைத்தியம்?

பட்டாளம் நம் சேரிகளுக்குப் புதிதல்ல. மெட்ராஸ் சாப்பர்ஸில் நம் முப்பாட்டன்கள் மண்வெட்டியும் துப்பாக்கியும் சுமந்தார்கள். அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பாலும் ராணுவத்தில் சுபேதார்தான். பட்டாளத்தார் வீடென்றால் ஊர்த்தெருவும் கொஞ்சம் யோசித்துத்தான் வாய் திறக்கும்.

அதே வீட்டு அம்மாவுக்கு நெஞ்சுவலி என்றால் தோட்டை அடகு வைக்க ஓடுகிறோம். முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. சுருக்கமாக இ.சி.எச்.எஸ். ஓய்வூதியம் வாங்குபவர், அவர் மனைவி, குடும்ப ஓய்வூதியம் வாங்கும் விதவை ஆகியோர் இதில் சேரலாம். ஒரே ஒரு முறை பங்குத்தொகை கட்டினால் ஆயுளுக்கும் போதும். 1.1.1996க்கு முன் ஓய்வுபெற்றவருக்கு அந்தத் தொகையும் கிடையாது. திட்டத்தின் பாலிகிளினிக்கில் காட்டி, அவர்கள் எழுதிக்கொடுத்தால் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கும் போகலாம். அவசரத்துக்கு வேறு மருத்துவமனையில் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும்.

நாம் பார்த்தவரை பலர் மாட்டிக்கொள்வது பெயரில்தான். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் முனியம்மா, ஆதாரில் முனியம்மாள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு கொடுத்து, கணவர் உயிரோடு இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள். பிறகென்றால் அலைச்சல்தான்.

15 ஆண்டுப் பணி முடிக்காமல் வந்த சிப்பாய்க்குப் பொதுவாக ஓய்வூதியம் இல்லை, அட்டையும் இல்லை. 2022இல் வந்த அக்னிபத் இதையே வழக்கமாக்கிவிட்டது. நான்கு ஆண்டுகள், அதன்பின் அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேர் படையில் தொடரலாம். வெளியே வருகிறவர்களுக்கு ஓய்வூதியமும் கிடையாது, இந்த மருத்துவமும் கிடையாது. விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடிப் பழகும் தம்பிகள் விண்ணப்பம் போடுமுன் இதையும் படித்துவிடுங்கள்.