‘காணவில்லை’ அறிவிப்பு முதல் மேட்டூர் நிலவரம் வரை... பழைய பேப்பரில் ஒரு தஞ்சாவூர்!

கும்பகோணத்தில் ஒரு பையனைக் காணவில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவன், வீட்டில் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டான். 1905 செப்டம்பர் தொடக்கத்தில் ‘தி இந்து’ நாளிதழில் இதுபற்றி ஒரு சின்ன அறிவிப்பு வெளியானது.

காணாமல்போன அந்தப் பையன், கணித மேதை சீனிவாச ராமானுஜன்!

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர வேறு எந்தப் பாடத்திலும் அவருக்கு மனம் ஒட்டவில்லை. உதவித்தொகை பறிபோனது. விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டார். 13 ஆண்டுகள் கழித்து, 1918-ல், லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. ஆனால், 1905-ல் பேப்பர் படித்தவர்களுக்கு அவர் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

பழைய பேப்பரைப் படிப்பதில் இருக்கும் சுவாரஸ்யமே இதுதான். அன்று எது பெரிய செய்தி, எது சின்னச் செய்தி என்று அச்சடித்தவர்கள் முடிவு செய்தார்கள். எது நிலைக்கும் என்பதைக் காலம் முடிவு செய்தது. அந்தக் கண்ணோட்டத்தில் தஞ்சாவூரையும் காவிரி டெல்டாவையும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போமா?

பேப்பர் போட்டதே நம்ம ஊர்க்காரர்கள்தான்!

1878-ல் ‘தி இந்து’வைத் தொடங்கிய இளைஞர்களில் முக்கியமானவர் ஜி.சுப்பிரமணிய ஐயர். திருவையாற்றுக்காரர். 1882-ல் ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையைத் தொடங்கியவரும் அவர்தான். முதலில் வாரப் பத்திரிகையாக வந்த சுதேசமித்திரன், 1899-ல் நாளிதழானது. 1905-ல் ‘தி இந்து’வை விலைக்கு வாங்கிய கஸ்தூரிரங்க ஐயங்கார், கும்பகோணம் அருகே இன்னம்பூரில் பிறந்தவர். அச்சடித்தது சென்னையில் என்றாலும், அதன் பின்னால் டெல்டா மண் இருந்தது.

பழைய செய்திகளைத் தேடுபவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவற்றில் ‘தஞ்சாவூர் ஜில்லா’ என்று வந்தால் அது இன்றைய தஞ்சாவூர் மாவட்டம் மட்டும் அல்ல. நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை எல்லாம் அதற்குள் அடக்கம். 1991-ல் நாகப்பட்டினம் தனி மாவட்டமாகப் பிரியும் வரை இதுதான் நிலைமை.

வெள்ளமும், ஒரு சின்னக் கட்டமும்

1924 ஜூலையில் காவிரியில் பெருவெள்ளம். கேரளத்திலும் அதே நேரத்தில் வெள்ளம். அங்கே இன்றும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று கொல்லம் ஆண்டைச் சொல்லி நினைவுகூர்கிறார்கள்.

வெள்ளத்துக்குச் சில மாதங்கள் முன்புதான், 1924 பிப்ரவரியில், சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் காவிரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. மறு ஆண்டு மேட்டூரில் அணை கட்டும் வேலை தொடங்கியது. 1934-ல் அணை திறக்கப்பட்டது. முழு நீர்மட்டம் 120 அடி; கொள்ளளவு 93.47 டி.எம்.சி.

அதன்பிறகு டெல்டாவில் பேப்பர் படிக்கும் பழக்கமே மாறிப்போனது. தலைப்புச் செய்தி என்னவாக இருந்தாலும், விவசாயியின் கண் முதலில் தேடுவது ‘மேட்டூர் அணை நிலவரம்’ என்ற சின்னக் கட்டத்தைத்தான். நீர்மட்டம், வரத்து, திறப்பு... மூன்று எண்கள். ஜூன் 12-ல் அணை திறக்குமா, குறுவைக்கு நாற்று விடலாமா, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருமா எல்லாவற்றுக்கும் அதில் பதில் இருக்கும். அந்தக் கட்டங்களை மட்டும் வரிசையாக வெட்டி ஒட்டினால், டெல்டாவின் பல ஆண்டு வரலாறு கிடைத்துவிடும்.

சோறு போட்டால் ஜெயில்!

1930 ஏப்ரல் 13. ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் உப்பு சத்தியாகிரகத்துக்காகத் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாகப் பயணம்.

அப்போதைய தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன், மக்களைப் பயமுறுத்தப் பத்திரிகைகளையே பயன்படுத்தினார். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ சிறைத் தண்டனை என்ற எச்சரிக்கை பத்திரிகையிலும், துண்டுப் பிரசுரத்திலும், தண்டோராவிலும் பரவியது.

டெல்டாக்காரர்கள் அசரவில்லை. போகிற வழியில் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் போட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஏப்ரல் 28-ல் வேதாரண்யம் சேர்ந்த தொண்டர்கள், 30-ம் தேதி உப்பை அள்ளினார்கள். ராஜாஜி கைதானார்.

கலெக்டரின் எச்சரிக்கையை மட்டும் படித்தால் ஊரே நடுங்கியிருக்கும் என்றுதான் நினைப்போம். மரத்தில் தொங்கிய பொட்டலங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஒருநாள் செய்தி அல்ல

1968 டிசம்பர் 25 இரவு, அப்போதைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழவெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும். கூலியாகக் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்டதில் தொடங்கிய பிரச்னை அது.

இந்தச் செய்தியைப் படிக்க டிசம்பர் 26, 27 பேப்பர்கள் மட்டும் போதாது. அதற்கு முந்தைய மாதங்களில் நடந்த கூலிப் பேச்சுவார்த்தைகளையும், கொடியேற்றத் தகராறுகளையும் பார்க்க வேண்டும். பிந்தைய ஆண்டுகளுக்கும் போக வேண்டும். 1969-ல் விவசாயத் தொழிலாளர்களுக்கு நியாயக் கூலி வழங்கும் சட்டம் வந்தது. கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. முதல் நாள் தலைப்பைவிட இந்தப் பின்தொடர் செய்திகள் சொல்வது அதிகம்.

இன்றைய இருபது வயதுக்காரர்களுக்கு நெருக்கமான காலத்திலும் அப்படியொரு செய்தி உண்டு. 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ விபத்து. 94 குழந்தைகள். சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ, வகுப்பறைக் கூரைக்குத் தாவியது. அந்த வாரம் நாடே அழுதது. பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற உத்தரவு வந்தது. வழக்கில் தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது 2014 ஜூலை. பத்து ஆண்டுகள்! பெற்றோர்கள் அந்தப் பத்து ஆண்டும் கோர்ட் செய்திக்காகப் பேப்பர் பார்த்தவர்கள்.

நீங்களும் தேடலாம்!

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் நூற்றாண்டுகள் பழைமையான ஓலைச்சுவடிகள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால், ஐம்பது வருட பேப்பர் கையில் எடுத்தாலே பொடிப்பொடியாக உதிர்கிறது. மலிவான காகிதம், அதிலுள்ள அமிலமே அதை அரித்துவிடும். சென்னை கன்னிமாரா நூலகமும், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் பழைய இதழ்களைத் தேடுபவர்களுக்கு முக்கியமான இடங்கள்.

வீட்டிலும் இருக்கலாம். பரண் டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்த தாளாக, சாமி படத்துக்குப் பின்னால் ஒட்டிய தாளாக! கிடைத்தால் மடிக்காமல், வெயில் படாத இடத்தில் வைத்து செல்போனில் படம் எடுங்கள். முக்கியமாக, பக்கத்தின் மேலே இருக்கும் பத்திரிகைப் பெயரும் தேதியும் படத்தில் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘பழைய பேப்பர் கட்டிங்’ பலவற்றில் இந்த இரண்டும் இருப்பதில்லை. தேதி இல்லாத கட்டிங்கை யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

இந்த வாரம் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று கேளுங்கள். “தூக்கிப் போட மனசு வராம எடுத்து வெச்ச பேப்பர் ஏதாவது இருக்கா?” இருந்தால், ஏன் எடுத்து வைத்தார்கள் என்ற கதையையும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தக் கதை எந்த நூலகத்திலும் கிடைக்காது.