தாத்தாவின் ஷாட்கன் ரைஃபிள் ஆகுமா?



வகுப்பில் 'அழுத்தம்' பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கையைத் தூக்கினான். "சார், எங்க தாத்தாகிட்ட ஒரு பழைய ஷாட்கன் இருக்கு. காட்டுப்பன்றி தோட்டத்துக்குள்ள வராம இருக்க லைசென்ஸ் எடுத்து வச்சிருக்காரு. வீடியோவுல ஒருத்தரு அந்த மாதிரி துப்பாக்கியில குழலை மட்டும் மாத்தி ரைஃபிள் ஆக்கிட்டாரு. அது அவ்வளவு சுலபமா?"

நல்ல கேள்விதான். ஆனால் இதற்குத் தவறான விடையை நம்பிச் செயல்பட்டால் கண்ணோ கையோ உயிரோ போகலாம். ஆகவே விடையை அறிவியலின் துணையோடு தேடுவோம்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

ஷாட்கன்னின் குழல் உட்புறம் வழவழப்பாக இருக்கும். அதிலிருந்து பல சிறிய ஈய ரவைகள் ஒரே நேரத்தில் சிதறிப் பாயும். ரைஃபிளின் குழலுக்குள் திருகுபோல் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளங்கள் உண்டு. அவை தோட்டாவைப் பம்பரமாகச் சுழற்றிவிடும். 305 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் அமைந்த குழலிலிருந்து, நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் வெளியேறும் தோட்டா நொடிக்கு 2,600 முறைக்கு மேல் சுழலும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழலும் தோட்டாவும் தலைகுப்புறப் புரளாமல் நேராகச் செல்கிறது.

கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இவ்வளவுதான். ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேறுபாட்டில் இருக்கிறது. அதுதான் அழுத்தம்.

குக்கரிலிருந்து தொடங்குவோம்

உங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சுமார் 100 கிலோபாஸ்கல்தான் கூடுதல். அதற்கே மூடியைத் திறக்கக் கூடாது என்று அம்மா அதட்டுவார்.

12 காஜ் எனப்படும் சாதாரண ஷாட்கன் தோட்டா வெடிக்கும்போது, அழுத்தம் 79 மெகாபாஸ்கல்வரை போகலாம் என அமெரிக்கத் தொழில்துறைத் தரம் வரையறுக்கிறது. இது குக்கரின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 790 மடங்கு. .308 வின்செஸ்டர் என்ற பரவலான ரைஃபிள் தோட்டாவுக்கு அந்த உச்ச வரம்பு சுமார் 427 மெகாபாஸ்கல். அதாவது ஷாட்கன்னைவிட ஐந்து மடங்குக்கும் மேல்.

குழலை மாற்றினால் போதாதா?

ஒற்றைத் தோட்டா ஷாட்கன்னைக் கவனித்தால், குழல் ஒரு கீலில் மடங்கித் திறக்கும். தோட்டாவைப் போட்டு மூடியதும் ஒரு சிறிய பூட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். தோட்டாவுக்குப் பின்னால் சுவர்போல் நிற்பது துப்பாக்கியின் சட்டகம். வெடிப்பு தோட்டாவை முன்னே தள்ளும் அதே வேளையில், வெற்றுக்கூட்டைப் பின்னேயும் தள்ளும். அந்தத் தள்ளுதலைத் தாங்க வேண்டியவை சட்டகமும் பூட்டும் கீலும்தான். சுடுபவரின் முகமோ அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது.

விசை = அழுத்தம் × பரப்பளவு. கணக்கிட்டுப் பார்ப்போம்.

12 காஜ்: உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ. பரப்பளவு 269 சதுர மி.மீ. விசை ஏறத்தாழ 21,000 நியூட்டன். இது இரண்டு டன்னுக்குச் சற்று மேற்பட்ட எடைக்குச் சமம்.

.308: கூட்டின் உள்விட்டம் சுமார் 10 மி.மீ. பரப்பளவு 78.5 சதுர மி.மீ. விசை ஏறத்தாழ 33,500 நியூட்டன். இது மூன்றரை டன்னை நெருங்குகிறது.

ஒரு மைவி காரின் எடை ஏறத்தாழ ஒரு டன். இரண்டு மைவியைத் தாங்குவதற்காகச் செய்த பூட்டின்மேல் மூன்றரை மைவியை ஏற்றினால் என்ன ஆகும்? அதுவும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில்!

"முதல் முறை சுட்டபோது ஒன்றும் ஆகவில்லையே" என்று சிலர் சொல்வார்கள். ஒரு கம்பியை வளைத்து நிமிர்த்திக்கொண்டே இருங்கள். முதல் முறை உடையாது. பிறகு ஒரு கட்டத்தில் பட்டென்று உடையும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். ஒவ்வொரு வெடிப்பிலும் நுண்ணிய விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

தொழிற்சாலை எப்படிச் செய்தது?

அமெரிக்காவின் ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் நிறுவனம் ஒற்றைத் தோட்டா ஷாட்கன், ரைஃபிள் இரண்டையும் தயாரித்தது. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ஆனால் சட்டகம் வேறு. ஷாட்கன்னுக்கு எஸ்பி1, உயர் அழுத்த ரைஃபிளுக்கு எஸ்பி2. ரைஃபிள் குழலை எஸ்பி2 சட்டகத்தில் மட்டுமே பொருத்தினார்கள். உரிமையாளர் தம் சட்டகத்தைத் தொழிற்சாலைக்கே அனுப்ப வேண்டும். அங்கே குழலையும் சட்டகத்தையும் இடைவெளி இல்லாமல் பொருத்திச் சோதித்த பிறகே திருப்பி அனுப்புவார்கள். துப்பாக்கியைச் செய்த நிறுவனமே, எஸ்பி1 சட்டகத்தில் ரைஃபிள் குழல் வேண்டாம் என்று மறுத்ததைக் கவனியுங்கள்.

பிரிட்டனில் இதற்கென்றே சோதனைக்கூடங்கள் உள்ளன. பர்மிங்ஹாம் சோதனைக்கூடம் 1813ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைப் பாதுகாப்பான அறைக்குள் வெடிக்க வைப்பார்கள். தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். பின்னாளில் துப்பாக்கியின் பலம் குறையும்படி ஏதேனும் மாற்றம் செய்தால் பழைய முத்திரை செல்லாது. மீண்டும் சோதிக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் துப்பாக்கியைச் செய்வதும் மாற்றியமைப்பதும் கடுமையான குற்றம். தாத்தாவின் உரிமம் அந்த ஷாட்கன்னை வைத்திருப்பதற்கு மட்டுமே.

அந்த மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "தம்பி, பழைய ஷாட்கன் பழைய ஷாட்கன்னாகவே இருக்கட்டும். ஒரு பொருளின் பலம் அதன் மிக வலுவான பாகத்தில் இல்லை. மிகப் பலவீனமான பாகத்தில் இருக்கிறது." எரிவாயுத் தோம்பு, கொதிகலன், குக்கர் என அழுத்தத்தை அடைத்து வைக்கும் எல்லாப் பொருளுக்கும் இது பொருந்தும். குக்கரின் பழைய ரப்பர் வளையத்துக்குப் பதிலாக, கிடைத்த வளையத்தை மாட்டுவதும் இதே தவறுதான்.

நீங்களே கணக்கிடுங்கள்: 20 செ.மீ. விட்டமுள்ள குக்கர் மூடியின்மேல் 100 கிலோபாஸ்கல் கூடுதல் அழுத்தம் எவ்வளவு விசையைத் தரும்?

(விடை: சுமார் 3,140 நியூட்டன். அதாவது 300 கிலோவுக்கும் மேற்பட்ட எடைக்குச் சமம். அம்மா அதட்டியது சரிதானே?)