பட்டியில் வளரும் காவல்நாய்

குயிலாப்பாளையத்துச் செம்மண் மேட்டில், முந்திரித் தோப்புகளுக்கும் பனைகளுக்கும் நடுவே, பத்துப் பதினைந்து செம்மறிகளை வைத்துப் பிழைக்கும் குடும்பத்திற்கு ஆட்டுப்பட்டியே வங்கி. பிள்ளையின் படிப்பும், தாயின் மருத்துவமும், மகளின் திருமணமும் அங்கே ஆட்டின் விலையாகவே கணக்கிடப்படுகின்றன. அந்த வங்கியை ஒரே இரவில் சூறையாடுவது புலியுமன்று, ஓநாயுமன்று. நரிகூடப் பெரும்பாலும் தனித்துவிட்ட குட்டியைத்தான் கவ்விச் செல்லும். கூட்டமாகப் படலைத் தாண்டி வந்து, எட்டும் பத்துமாகக் குரல்வளையைக் கடித்துப் போட்டுவிட்டு, ஒன்றையேனும் முழுமையாகத் தின்னாமல் போகிறவை ஊர்நாய்களே. 2024, 2025-ஆம் ஆண்டுகளில் திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் இவ்வாறு ஆடுகளைப் பறிகொடுத்த விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடினர். அரசும் இழப்பீடு அறிவித்தது. இழப்பீடு நல்லதே. ஆயினும் சினையாடு போனால் அதன் வயிற்றிலிருந்த குட்டியும், அடுத்த ஆண்டின் ஈற்றும் அதனோடு போய்விடுகின்றன.

நாயால் வரும் கேட்டிற்கு நாயே காவல் என்றால் சிலர் நகைப்பர். ஆனால் ஆட்டைக் கடிக்கும் நாய்களிற் பல யாருக்கும் சொந்தமற்றவை அல்ல; பகலில் ஒரு வீட்டு வாசலில் சோறு தின்று, இரவில் அவிழ்த்துவிடப்படுபவை. ஒரே ஈற்றில் பிறந்த இரு குட்டிகளுள் ஒன்று மந்தைக்குக் காவலாகவும் மற்றொன்று மந்தைக்குக் கூற்றாகவும் ஆகக்கூடும். எது எவ்வாறு ஆகும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது, பிறந்த முதல் நான்கு மாதங்களில் அது யாரோடு உறங்கியது என்பதே.

மேனாட்டுத் திரைப்படங்களில் ஆடுகளை வளைத்து ஓட்டும் நாயை வாசகர் கண்டிருக்கலாம். அது ஓட்டும் நாய். நாம் கூறுவது வேறு. காவல்நாய் ஆட்டை ஓட்டாது, மடக்காது. ஆடுகளின் நடுவே படுத்திருக்கும். அந்நியம் ஒன்று நெருங்கினால் எழுந்து குரைத்துக் குறுக்கே நிற்கும், அவ்வளவே. இப்பழக்கம் மிகத் தொன்மையானது. யோபு நூலின் 30-ஆம் அதிகாரத்திலேயே மந்தை நாய்களைப் பற்றிய பேச்சு வருகிறது.

இதன் இரகசியத்தைத் தெளிவாக எழுதி வைத்தவருள் ஒருவர், பலரும் வேறு காரணங்களுக்காக அறிந்துள்ள சார்லஸ் டார்வின். 1833-ஆம் ஆண்டு தென்னமெரிக்காவில், இன்று உருகுவே என வழங்கும் நாட்டில் பயணம் செய்கையில், மனிதர் எவருமின்றி, வீட்டிற்கு வெகு தொலைவில், பெரும் மந்தையை ஓரிரு நாய்களே காத்து நிற்பதைக் கண்டு வியந்தார். விசாரித்தபோது விவரம் தெரிந்தது. மிக இளங்குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, நாளைக்கு மூன்று நான்கு முறை பெண்ணாட்டைப் பிடித்து நிறுத்திப் பாலூட்டுவார்களாம். பட்டியில் ஆட்டு மயிராலேயே அதற்குப் படுக்கை. பிற நாய்களோடும் வீட்டுப் பிள்ளைகளோடும் பழக விடுவதில்லை, காயடிப்பும் உண்டு. வளர்ந்த நாய் நாள்தோறும் இறைச்சிக்காக வீட்டிற்கு வரும். வாங்கியவுடன் வெட்கப்பட்டதுபோல் ஓடிவிடும். வீட்டு நாய்கள் துரத்தும். தன் மந்தையை எட்டியவுடனோ அது திரும்பி நின்று குரைக்கும். துரத்தி வந்தவை யாவும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும்! உடல் வலிமையைக் காட்டிலும் தன் கூட்டம் எது என்ற உணர்வே அங்கே துணிவைத் தருகிறது.

பிற்காலத்தில், 1970-களின் பிற்பகுதி தொடங்கி, அமெரிக்காவின் ஹாம்ப்ஷயர் கல்லூரியைச் சேர்ந்த ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் தம்பதியர் ஐரோப்பாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் இத்தகைய குட்டிகளை வரவழைத்து, ஆட்டுப் பண்ணைகளில் வளர்க்கக் கொடுத்து ஆராய்ந்தனர். ஆட்டிற்குத் தீங்கு செய்யாமை, ஆட்டை விட்டு நீங்காமை, அந்நியத்தை எதிர்த்து நிற்றல் என மூன்று குணங்களை அவர்கள் வகுத்துக் காட்டினர். முதலிரண்டும் அமைந்தால் மூன்றாவது பெரும்பாலும் தானே வரும். நமீபியாவில் 1994 முதல் சிறுத்தைப் பாதுகாப்பு நிதியம் குடியானவர்களுக்குத் துருக்கி இன நாய்களை வழங்கி வருகிறது. ஆடும் பிழைக்கிறது, சுடப்படாமல் சிறுத்தையும் பிழைக்கிறது.

நம் பகுதிக்குத் துருக்கி நாய் வேண்டுவதில்லை. அதன் அடர்ந்த மயிர் நம் சித்திரை வெயிலுக்கு ஏற்றதுமன்று. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதைத் துரத்திப் பிடிக்கும் வேட்டை நாய்கள். அவற்றின் அழகைக் கண்டு மயங்கி ஆட்டுப்பட்டிக்கு வாங்குவது பேதைமை என்றே நாம் கருதுகிறோம். கோம்பை காவலுக்குப் பேர்பெற்றது. எனினும், ஏற்கனவே பட்டியில் அமைதியாகக் கிடக்கும் நாட்டு நாய் ஈன்ற குட்டி கிடைக்குமாயின் அதுவே போதும்.

எட்டு வாரம் தாயிடம் குடித்த குட்டியைக் கொண்டுவந்து, பட்டியின் ஒரு மூலையில் படல் அடைத்து விடவேண்டும். இடுக்கு வழியே குட்டி வெளிவரலாம். ஆடு உள்ளே புக முடியாதிருக்க வேண்டும். நம் பக்கத்துச் சென்னைச் சிவப்புச் செம்மறிக்குக் கம்பளி மயிர் இல்லை; ஆகவே ஆடு படுத்த சாக்கையே குட்டிக்கு விரிக்கலாம். முதலில் சாதுவான இளம் ஆடுகள் இரண்டு மூன்றை மட்டும் துணைக்கு விடுவது நலம். குட்டியை ஈன்று நிற்கும் தாயாடு முட்டித் தள்ளினால் அது ஆட்டைக் கண்டே அஞ்சி ஒதுங்கிவிடும். சோற்றையும் மீனையும் ஆடு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். தட்டிற்குப் போட்டி வந்தால் நாய் ஆட்டைக் கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

வீட்டுப் பிள்ளைகளைத் தடுப்பதுதான் கடினம். டார்வின் கண்ட அளவிற்கு விலக்கவேண்டியதில்லை. தடுப்பூசிக்கும் காயத்திற்கும் நாய் கைக்கு அடங்கவேண்டுமே. பிள்ளைகள் பட்டிக்குச் சென்று தடவிக் கொடுக்கட்டும். மடியில் தூக்கித் திண்ணைக்குக் கொண்டுவர வேண்டாம். திண்ணைச் சுகம் கண்ட குட்டி இரவில் பட்டியில் தங்காது.

ஆறாம் மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை உள்ள காலமே சோதனைக் காலம். அதுவரை சாதுவாயிருந்த நாய் ஆட்டைத் துரத்தும், காதைக் கவ்வும், காலை இழுக்கும். அஃது விளையாட்டே, ஆனால் அவ்விளையாட்டில் ஆடு செத்துவிடும். பலர் இவ்விடத்தில் மனம் வெறுத்து நாயை அடித்து விரட்டுகின்றனர். அது போய்த் தெருநாய்க் கூட்டத்தில் சேர்கிறது. அவ்வாறன்றி, துரத்தும் கணத்திலேயே அதட்டி நிறுத்தி, அடங்காவிடில் மாட்டிற்குக் கட்டுவதுபோல் கழுத்தில் சிறு தொண்டுக்கட்டை கட்டி, முரட்டுக் கிடாக்களோடு சில வாரம் விடலாம். ஆளில்லாத நேரத்தில் இளங்குட்டிகளோடு தனியே விடலாகாது. எந்நேரமும் சங்கிலியில் கிடக்கும் நாயோ எதையும் கற்காது, மூர்க்கமே வளரும்.

நோய்களைப் பற்றியும் கூறவேண்டும். அறுத்த ஆட்டின் ஈரலையும் குடலையும் பச்சையாய் நாய்க்கு எறியும் வழக்கம் பெருந்தீங்கு. அதனால் நாயின் குடலில் வளரும் நாடாப்புழுவின் முட்டை, ஆட்டிற்கும் மனிதருக்கும் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியை உண்டாக்கும். மூன்று மாதத்திற்கொரு முறை நாடாப்புழுவையும் கொல்லும் மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுக்கவேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில் ஒன்று, பின்னர் ஊக்க ஊசி, அப்பால் ஆண்டுதோறும் ஒன்று. தெருநாயோடு மோதுவதே தொழிலான நாய்க்கு இதைத் தவறவிடுவது, வீட்டாரின் உயிரைப் பணயம் வைப்பதாகும். கடிபட்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

ஒற்றை நாய் ஐந்தாறு நாய்களின் கூட்டத்தை எதிர்த்து நெடுநேரம் நிற்க இயலாது. படல் உயரமாயும் அடிப்பகுதி தோண்ட முடியாததாயும் இருக்கவேண்டும்; இயலுமாயின் இரு நாய்கள் வேண்டும். இரண்டாவது குட்டியை முதல் நாய்க்கு ஒன்றரை வயது நிறைந்தபின் கொண்டுவருவதே நன்று. ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டைச் சேர்த்து வளர்த்தால், அவை ஆட்டை மறந்து ஒன்றோடொன்று விளையாடிக்கொண்டிருக்கும்.